வரைபடத்தின் மேல் வேப்பங்குழை

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பேய், பிசாசு, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் அவர்கள் வாயை அடைக்கிற ஆள் நான். திருத்தங்கலில் எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அருள் வந்து ஆடியபோது எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள், நான் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "காலையில சாப்பிட்டீகளா இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார், ஆட்டமும் நின்றுவிட்டது. அதற்காக அந்த அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி சொல்கிறாளே என்பதற்காகவாவது கொஞ்சம் காது கொடுங்கள்.

என் பெயர் ராஜேஸ்வரி, வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளர். பிறந்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊர். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் களையெடுத்த குடும்பம், அதற்கப்புறம் அம்மா, சித்தி, மாமா எல்லோரும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். நான் ஒருத்திதான் பரீட்சை எழுதி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நடந்தது வேறு யார் கண்ணில் பட்டிருந்தாலும் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

எல்லையில் சண்டை மூண்டு, டிவியில் ஓயாமல் ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு மத்தியானம் என்னையும் இன்னும் பதினோரு பேரையும் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எங்கே வேலை என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. அதனால் உங்களுக்கும் இடத்தைச் சொல்லமாட்டேன், விருதுநகரில் நீங்கள் பலமுறை தாண்டிப்போன ஒரு பழைய அரசுக் கட்டடம் என்பதோடு விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே தரைக்குள் ஒரு அலுவலகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று எல்லோரும் பயந்து கிடந்தபோது கட்டியது என்று சொன்னார்கள். மேலே கட்டடம் தரைமட்டமானாலும் மாவட்டத்து நிர்வாகம் கீழேயிருந்து நடக்கவேண்டும், அதற்காக. சண்டை முடிந்ததும் அதை மறந்துபோய், காலொடிந்த நாற்காலியையும் பழைய ஓட்டுப்பெட்டியையும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். இப்போது அவசர அவசரமாகக் காலிசெய்து சுண்ணாம்படித்து எங்களை உள்ளே இறக்கினார்கள்.

இருபத்தாறு படி. மேலே ஒரு போலீஸ்காரர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார், செல்போனை வாங்கி ஒரு பெட்டியில் போடுவார், பையைக் கொட்டிப் பார்ப்பார், யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எழுதுவார். கீழே போனால் முதலில் ஒரு பெரிய கூடம், அங்கே தண்ணீருக்கு ஒரு மேஜை, கரண்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று. கூடத்தைத் தாண்டினால் போன் அறை. போன் அறைக்குள் நுழைந்துதான் கடைசி அறைக்குப் போகமுடியும். அதுதான் வரைபட அறை, என்னுடைய இடம். வேறு வாசல் கிடையாது, ஜன்னல் என்ற பேச்சே இல்லை.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். மேலே ஏறுவது குளிக்கவும் கக்கூஸ் போகவும் மட்டும், அதுவும் முறை வைத்து, பத்து நிமிடத்துக்குள். கீழேயே பாய் விரித்துப் படுத்தோம். இரண்டாவது நாளே பகல் எது இரவு எது என்று உடம்புக்குத் தெரியாமல் போய்விட்டது, டீ வந்தால் காலை, சாம்பார் வாசனை வந்தால் மத்தியானம். டீத் தூக்கு கொண்டுவருகிறவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி மேலே வெயிலா மேகமா என்பதுதான். ஒருநாள் யாரோ ஆசைப்பட்டு எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவரச் சொன்னார்கள், சாப்பிடும்போது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காற்று இழுக்கிற ஃபேன் பழையது, அந்தச் சால்னா வாசனை இரண்டு நாள் எங்களோடு குடியிருந்தது. போரில் செத்தாலும் சாவோம், பரோட்டா வாசனையில் சாகக்கூடாது என்று எங்கள் அதிகாரி கண்டிப்பாகத் தடைபோட்டுவிட்டார்.

அவரைச் சார் என்றே சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், இந்த மாவட்டத்துக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது, நல்ல மனிதர், ஆனால் எல்லாம் தாளில் இருக்கவேண்டும் என்கிற ரகம். போன் அறையில் ஜெயக்கனி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் ஓயாதவள், போன் வேலைக்கென்றே பிறந்தவள். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சந்து இருந்தது, தபால்பெட்டி வாய் அகலம் இருக்கும், பழைய காலத்திலேயே விட்டது. போனில் வருகிற தகவலை அவள் ஒரு சீட்டில் எழுதி அந்தச் சந்து வழியாகத் தள்ளுவாள், நான் எடுத்துப் படித்து வரைபடத்தில் குண்டூசி மாற்றுவேன்.

மாவட்டத்து வரைபடம் கட்டில் அளவு மேஜையில் விரித்திருந்தது. அதில் ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனிக்கும் ஒரு குண்டூசி. யோசித்துப் பாருங்கள், மற்ற மாவட்டத்தில் விமானம் வந்து குண்டு போட்டால்தான் ஆபத்து, எங்கள் மாவட்டத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். சைரன் அடித்தால் அத்தனை கம்பெனியிலும் வேலையை நிறுத்தி, ஆட்களை ஷெட்டிலிருந்து தூரமாகக் கொண்டுவந்து, எங்களுக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் சிவப்புக் குண்டூசி. ஆபத்து நீங்கியது என்று மறுபடி சைரன் அடித்து ஆட்கள் உள்ளே போனால் பச்சை. முதல் மூன்று நாளும் நான் தூங்காமல் உட்கார்ந்து எந்தக் கம்பெனி எந்தக் காட்டுக்குள் இருக்கிறது, எந்தப் பாதையில் வேன் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு ஏற்றிக்கொண்டேன். இந்தச் சண்டையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அதைக் கடமை என்று சொல்லலாம், எனக்கு அது கோபம் போலத்தான் இருந்தது.

ஒன்பதாவது நாள். ராத்திரி என்று நினைக்காதீர்கள், பட்டப்பகல், மேலிடம் நேரம் குறித்துக்கொடுத்த ஒத்திகை, காலை பத்தரைக்குச் சைரன். பன்னிரண்டு மணிக்குத்தான் ஆபத்து நீங்கிய சைரன். சார் முந்தின நாளே திட்டம் போட்டு எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டார். காலையில் டீ கொண்டுவந்தவர் மேலே தூறல் போட்டு விட்டிருக்கிறது என்று சொன்னார், எங்களுக்கெல்லாம் அதுவே பெரிய செய்தி.

பத்தே முக்கால் முதல் சீட்டுகள் மழை மாதிரி விழுந்தன. பதினொன்றேகாலுக்கு வரைபடம் முழுக்கச் சிவப்பு. ஒரு கம்பெனி பாக்கியில்லை. ஒன்பது நாளில் முதல்முறையாக முதுகை நிமிர்த்தி, மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பானை எங்கே இருந்தது என்றால் அதே அறையில், மேஜையிலிருந்து நாலு எட்டு. திரும்பி வந்தேன், வரைபடத்தின் மேல் ஒரு வேப்பங்குழை கிடக்கிறது.

ஒரு சாண் நீளத்துக்கு இலைக்கொத்து, இப்போதுதான் ஒடித்தது போலப் பச்சை. ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே ஒரு குண்டூசி மேல் கிடந்தது. எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ கோயில் குழையைக் கொண்டுவந்து சாமி காப்பாத்தட்டும் என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தில் வாயை வைத்து, "ஏ ஜெயா, இங்கன குழையக் கொண்டாந்து போட்டது நீயா?" என்றேன்.

"நா எங்கிட்டுப் போயிக்கா குழை ஒடிக்க? ஒம்பது நாளா வெயில் மூஞ்சியே பாக்கல. இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரல."

சரி என்று அந்தக் குழையை எடுத்து என் டிபன்பாக்ஸ் மூடியில் போட்டேன். நம்பினால் நம்புங்கள், மூடியை நாற்காலிக்குக் கீழே வைக்கக் குனிந்து நிமிர்ந்திருப்பேன், அவ்வளவுதான். அதே குண்டூசி மேல் இன்னொரு குழை.

இந்தத் தடவை அதைத் தொட்டவுடன் கை சில்லென்றது. இலையெல்லாம் தண்ணீர். தூறலில் நனைந்த குழை எப்படி இருக்குமோ அப்படி, சொட்டு வரைபடத்தில் விழுந்து காகிதம் ஊறிக்கொண்டிருந்தது. காம்பைப் பார்த்தேன். காம்பில் வெள்ளியாக ஒரு விரல் தடம். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் அது, எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் அம்மா சோறு பிசைந்து கொடுத்த விரலில் பார்க்காத நாள் உண்டா. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

ஓடவிடாமல் என்னை நிறுத்தியது என்ன தெரியுமா? அம்மா முன்பு வேலை பார்த்த கம்பெனி. அது மூடி எத்தனையோ வருடமாகிறது. அங்கே பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, வேறு எந்தக் கம்பெனியிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கலந்த மருந்தை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டை விட்டுப் போகக்கூடாது என்பது எல்லா இடத்திலும் இருக்கிற சட்டம், மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற ரசாயனக் கலவை, கலந்தால் அன்றைக்கே குழாய்களில் செலுத்தி முடிக்கவேண்டும், கிடந்தால் அதுவாகவே சூடேறும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம், நீர்த்துப்போய்த் தானாக வெடிக்கும். ஏதாவது அவசரத்தில் போட்டுவிட்டு வெளியே வரும்படி ஆகிவிட்டால் ஷெட் வாசலில் ஒரு வேப்பங்குழையை வைத்துவிடுவார்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் செருகினால் எப்படி யாரும் நுழையமாட்டார்களோ, அப்படி. அங்கே பாதிப்பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, குழை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைக் கூப்பிடப் போகும்போது வேலிக்கு வெளியே நின்று நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த நொடியில் எனக்குத் திட்டத்தில் இருந்த ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. சார் வெளியூர்க்காரர், வேலையை நிறுத்து என்றால் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டார். மருந்து கலப்பது விடியற்காலையில், பத்தரைக்குள் எல்லாம் செலுத்தி முடிந்திருக்கும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு. இன்றைக்குக் காலையில் தூறல். தூறல் நிற்கட்டும் என்று தாமதமாகக் கலந்திருப்பார்கள். சைரன் அடித்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த சைரன் அடிக்கும், உள்ளே போவார்கள். மணி அப்போது பதினொன்றரை.

கூடத்தில் இருந்த சாரிடம் ஓடினேன். அந்தக் கம்பெனிக்குப் போன் போடவேண்டும் என்றேன். உத்தரவில்லாமல் லைனைத் தொடக்கூடாது, வருகிற போனுக்குத்தான் லைன் காலியாக இருக்கவேண்டும் என்றார். உள்ளே மருந்து கிடக்கிறது சார் என்றேன்.

"யார் சொன்னது?"

வேப்பங்குழை சொன்னது என்று சொன்னால் என்னை மேலே அனுப்பிவிடுவார், போன் போட ஆளிருக்காது. ஒரு சீட்டை எடுத்து, கம்பெனி பெயர், மருந்து கலந்த நிலையில் ஷெட்டில் கிடக்கிறது, யாரையும் உள்ளே விடவேண்டாம் என்று எழுதி, தகவல் கொடுத்தவர் என்கிற இடத்தில் என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ராஜேஸ்வரி, இது யுத்த நேரம். பொய்த் தகவல்னா வேலை மட்டும் போகாதும்மா, கேஸாயிடும்."

"போகட்டும் சார். தாளில் இருக்குல்ல, இப்ப போன் போடுங்க."

எப்படி அவரிடம் அப்படிப் பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் தாளை மதிக்கிறவர், போன் அறைக்கு வந்து ஜெயக்கனியைப் பார்த்துத் தலையாட்டினார். போனை எடுத்தது அந்தக் கம்பெனி போர்மேன். எல்லாம் முடிந்துவிட்டது, ஷெட் காலி, ஆட்கள் எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கிறார்கள் என்றாராம். சார் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் ஜெயக்கனி கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அண்ணே, நா ஏழாயிரம்பண்ணைக்காரி. எங்கம்மா இருவது வருசம் மருந்து அள்ளுன கை. நா கேஸு போடக் கேக்கல. உள்ள மருந்து கெடக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கண்ணே."

அப்புறம் அந்த ஆளின் குரல் வேறு மாதிரி வந்தது. "கெடக்கு தாயி. மணி மணியா உருட்டிக் காயவைக்கிற மருந்து. தூறலு விடட்டும்னு நேரங்கழிச்சுத்தான் கலக்குனாக. தட்டுல பாதி பரப்புனதோட கெடக்கு. அந்த ஷெட்டுக் கூரையில ஒரு ஓரம் ஒழுகும்."

"எம்புட்டுப் பேரு அந்த ஷெட்டுல?"

"ஏழு பொம்பளையாளுக. வேலிக்கிட்ட உக்காந்திருக்காக. சைரன் அடிச்சா நா சொல்லியும் கேக்க மாட்டாக தாயி, பீஸ் ரேட்டு, செஞ்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஓடிருவாக."

"அப்பன்னா எல்லாரையும் வேலிக்கு வெளிய தள்ளிக் கேட்டைப் பூட்டுங்க. பூட்டிச் சாவியக் கெணத்துல போடுங்க. யாரு என்ன சொன்னாலும், யாரு கெஞ்சுனாலும் ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. போனாக, நாளைக்கு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன், சொல்லிட்டேன்."

சார் பன்னிரண்டு மணிச் சைரனைத் தள்ளிப்போட முடியுமா என்று மேலே கேட்டுப் பார்த்தார், முடியாது என்று வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு அடித்தது. பூமிக்கு அடியில் எங்களுக்குச் சைரன் சன்னமாகத்தான் கேட்கும், சுவருக்குள் யாரோ முனகுவது போல. பச்சைச் சீட்டுகள் வர ஆரம்பித்தன, நான் குண்டூசி மாற்றிக்கொண்டே இருந்தேன், அந்தக் குண்டூசி சிவப்பாகவே நின்றது. பன்னிரண்டு பத்துக்குச் சந்தில் ஒரு சீட்டு வந்தது. ஜெயக்கனியின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், அந்தச் சீட்டில் கோணல்மாணலாக இருந்தது. ஷெட் வெடித்துத் தரைமட்டம், ஆள் சேதம் இல்லை, அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜெயக்கனி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள், எதற்கு அழுகிறோம் என்று அவளுக்குப் பாதிதான் தெரியும். ஐந்து நிமிடம். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மீதிக் குண்டூசிகளை மாற்றினேன், இன்னும் நாற்பது சீட்டு பாக்கியிருந்தது.

சாயங்காலம் சார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். டிபன்பாக்ஸ் மூடியை எடுத்து நீட்டினேன். இரண்டு குழையும் அதில் இருந்தன. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குழையை எடுத்து மோந்து பார்த்தார், வெள்ளித் தடத்தை விரலால் தொட்டார், அது அவர் விரலிலும் ஒட்டியது. மேலே போய்ப் போலீஸ்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். காலை டீக்கு அப்புறம் பன்னிரண்டு மணிச் சைரன் வரை ஒரு ஆளும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. "இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்மா" என்றார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சண்டை நின்று எங்களை மேலே விட்டார்கள். வெயிலைப் பார்த்துக் கண் கூசி, வாசலிலேயே சிறிதுநேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தேன். அந்த வாரமே அந்தக் கம்பெனிக்குப் போனேன். போர்மேன் உண்மையிலேயே சாவியைக் கிணற்றில் போட்டிருந்தார், பூட்டை உடைத்துத்தான் தீயணைப்பு வண்டி உள்ளே போனதாம். ஏழு பெண்களும் இருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள், அப்புறம் ஷெட்டோடு போன தூக்குச்சட்டியையும் புதுச் செருப்பையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வாசலில் யாராவது வேப்பங்குழை வைத்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே அவர்களுக்குத் தெரியவில்லை, எதற்குக்கா குழை என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கு ஆச்சரியமோ பயமோ வந்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"குழை ஒண்ணா, ரெண்டா ஆத்தா?"

"மொதல்ல ஒண்ணும்மா. அத எடுத்து வச்சேன். மறுபடி ஒண்ணு."

"அப்ப ரெண்டுல்ல." அம்மாவின் கை நின்றுவிட்டது. "ஒத்தக் குழைன்னாத்தான் மருந்து கெடக்கு, வராதன்னு. ரெட்டக் குழை வச்சா, உள்ள ஆளு மாட்டிக்கிட்டுக் கெடக்கு, ஓடியான்னுல்ல அர்த்தம். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள்தானே நான், ஒற்றைக் குழையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். வருகைப் பதிவில் அந்த ஷெட்டுக்கு ஏழு பேர், ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கம்பெனியில் வேறு எந்த ஷெட்டிலும் ஆள் குறையவில்லை, பக்கத்து ஊர்களில் காணவில்லை என்று யாரும் யாரையும் தேடவில்லை. தீயணைப்புக்காரர்கள் சாம்பலை இரண்டு தடவை கிளறிப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கப்போகிற எல்லாக் கேள்வியையும் நான் கேட்டு முடித்துவிட்டேன். ஏழு பேரைக் காப்பாற்றினாய், அது போதாதா என்று அம்மா சொல்கிறாள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் யாரோ அந்த இரண்டாவது குழையை என் கண் முன்னால் வைத்து, உள்ளே ஆள் இருக்கிறது, ஓடி வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கேட்டைப் பூட்டச் சொல்லி, சாவியைக் கிணற்றில் போடச் சொன்னேன்.